மடிமேல் மடி

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று அப்பா ஆரம்பித்தார். நாலு வெளியே வருவதற்குள் அம்மாவின் உள்ளங்கை அவர் வாயை அடைத்துவிட்டது.

அந்தக் கையில் கட்டுச்சோற்றுக்காக வறுத்து இடித்த மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்தது. அப்பா தும்மினார். மறுபடி தும்மினார். மூன்றாவது தும்மலில் அவருடைய தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. லாரியின் மேல் நின்றிருந்த நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"எத்தனை தும்மல்?" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கேள்விகளை என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். "மூணு" என்றேன்.

"ஒத்தப்படை. கெளம்புற நேரத்துல ஆகாது. இன்னொண்ணு தும்முங்க."

"கேட்டா வர்ற சாமானா அது?" என்றார் அப்பா.

"பொடி வேணுமா?"

தோட்டத்து ஆட்கள் நடுங்கும் கங்காணி என் அப்பா. அவர் தலையை நிமிர்த்தி, மூக்கைச் சுளித்து, சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தும்மல் வரவில்லை. லாரி ஓட்டிய சீனர் ஹாரனை அமுக்கி, "லெக்காஸ், லெக்காஸ் லா, கங்காணி!" என்று அவசரப்படுத்தினார். கடைசியில் லாரியின் மூலையில் உட்கார்ந்திருந்த வேலு மாமாவுக்குப் பொடி நெடி ஏறி ஒரு தும்மல் வந்தது.

"அது சேருமா?" என்று கேட்டார் அப்பா.

"என் தம்பி தும்மினா சேராதா? வீட்டுத் தும்மல்தான். நாலாச்சு, போலாம்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். லாரி பெரிய ரோட்டில், எங்கள் பேச்சில் சடக்கில், ஏறியது.

எண்ணக் கூடாதவை

போன வாரப் பகுதியில் ஆறு அச்சுப் பிழைகள் இருந்தன. நானே எண்ணினேன். அதில் ஒன்று என் அப்பாவின் வேலையையே மாற்றிவிட்டது. அவர் கிராணி அல்ல, கங்காணி. கிராணி ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர். கங்காணி விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தலையை எண்ணி வேலைக்கு அனுப்புகிறவர். இந்த வாரம் அச்சகத்தார் தயவு செய்யவேண்டும், ஏனென்றால் இந்தக் கதைக்கு அப்பா எண்ணுகிறவராக இருப்பது அவசியம்.

ஈப்போவிலிருந்து ஏழாங்கட்டையில், அதாவது ஏழாவது மைலில், எங்கள் தோட்டம் இருந்தது. அங்கே இருநூறு தலைகளை ஒரே மூச்சில் எண்ணி முடிக்கிறவர் அப்பா. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் சொந்தப் பிள்ளைகளை எண்ணக் கூடாது. அது அம்மாவின் முதல் விதி.

பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எங்கள் அம்மாவுக்கு அது சொல் மட்டும் அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது யாரோ ஒரு ஆள் விரலை நீட்டி நீட்டி அவள் பிள்ளைகளை எண்ணினானாம். பினாங்கில் இறங்கும்போது ஒன்று குறைந்திருந்தது. அதை அம்மா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

அதனால் நாங்கள் எத்தனை பேர் என்று இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை; இனியும் எழுதப் போவதில்லை. மூன்று வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்டுவிட்டார்கள். என்னுடைய மாத்திரைகளை எண்ணிச் சொல்கிறேன், மாடிப்படிகளை எண்ணிச் சொல்கிறேன், எதிர்வீட்டுப் பூனை போட்ட குட்டிகளைக் கூட எண்ணிச் சொல்கிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் வாய்க்கு நேராக ஒரு மிளகாய்க் கை வருகிறது.

முப்பத்தேழு விதிகள்

எங்கள் வீட்டு விதிகளை ஒருநாள் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு வந்தது. இப்போது என் பேரன் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே விதி: தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு உட்காராதே. அதையும் மீறுகிறார்கள்.

முப்பத்தேழையும் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நாலு சொல்கிறேன்.

'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்லவேண்டும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போவதற்கும் இதுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் படுத்திருக்கக் கூடாது. காய்ச்சல்காரனையும் எழுப்பிச் சுவரோடு சாத்தி வைப்பார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் குடிக்கவேண்டும். அப்பா மூக்கைப் பிடிப்பார், அம்மா ஊற்றுவாள், குடித்தவன் அடுத்தவனின் காலைப் பிடிக்கவேண்டும். இதனால் பெரியக்காவுக்குத்தான் லாபம். அவள் முதலில் குடித்துவிட்டு மற்ற எல்லார் காலையும் பிடிக்கும் சந்தோஷத்தில் கசப்பை மறந்துவிடுவாள்.

தோட்டத்தின் ஓரத்தில் காடு. அங்கே கோடு போட்ட மிருகம் ஒன்று உலாவும். அதன் பெயரைச் சொல்லக் கூடாது. 'பெரியவர்' என்று மரியாதையாகச் சொல்லவேண்டும். ஒருநாள் கோலா கங்சாரிலிருந்து அப்பாவின் பெரியப்பா மகன், தலை நரைத்த மனிதர், மூட்டையும் குடையுமாக வந்து சேர்ந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தங்கச்சி உள்ளே ஓடிவந்து, "அம்மா, பெரியவர் வந்திருக்காரு!" என்றாள். அம்மா கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டை போட்டுவிட்டாள். பக்கத்து வீடுகளிலும் படார் படார் என்று சாத்தினார்கள். அந்த மனிதர் வெயிலில் நின்று, "என்ன தப்புப் பண்ணேன், சொல்லிட்டாவது சாத்துங்க!" என்று கத்தினார்.

ஐந்தாவது விதி ஒன்று உண்டு. நாலு என்று சொல்லிவிட்டு ஐந்து எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் லாரி ஈப்போ போய்ச் சேராது.

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அம்மாவின் உடன்பிறந்தவன் மடி. மடி கொடுத்தவன் மாமன். இதில் ஏற்றம் இறக்கம் கிடையாது.

வேலு மாமாவின் இரண்டு வேலைகள்

ரப்பர் நல்ல விலைக்குப் போன வருஷம் அது. இல்லாவிட்டால் லாரி எல்லாம் எங்களுக்கு ஏது? ஈப்போ மலையடிவாரத்துக் குகைக் கோயிலில், என் கடைசித் தம்பி பிச்சைக்கு முடி இறக்கிக் காது குத்துவதற்காகக் கிளம்பியிருந்தோம். அவனுக்கு வயது மூன்று. தலை நிறையச் சுருட்டை முடி. அவனுக்கு மேலே இருந்த பையன்களுக்கும் சேர்த்து மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். என் தலையும் அதில் சேர்த்தி.

வேலு மாமா அம்மாவின் ஒரே தம்பி. பீடோரில் ஒரு சீனர் கடையில் அரிசியும் கருவாடும் நிறுத்துப் போடும் வேலை. வயது இருபத்தாறு. பிச்சையை அதற்குமுன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் சுருட்டை முடியோடு.

அன்றைக்கு மாமாவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பிச்சைக்கு மடி கொடுப்பது. இரண்டாவது, பெண் பார்ப்பது. பத்துகாஜாவிலிருந்து கருப்பையா என்பவர் தன் தங்கச்சியை அதே கோயிலுக்கு அழைத்து வருவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். கோயிலில் பார்த்துக்கொள்ளலாம், பிடித்தால் அங்கேயே தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று ஏற்பாடு.

இதற்கு முன் மாமாவுக்கு நாலு இடம் பார்த்து நாலும் தட்டிப்போயிருந்தது. கருவாட்டு வாசனை என்று ஒரு வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அதனால் மாமா அன்று காலை மூன்று தடவை குளித்திருந்தார். புதுச் சப்பாத்து, அதுவும் இறுக்கமான சப்பாத்து. சட்டைப்பையிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி. சங்கிலியின் அந்த முனையில் கடிகாரம் கிடையாது, ஒரு ஊதல் இருந்தது. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

"இதும் தட்டிப்போச்சுன்னா, அக்கா, நான் பேசாம சாமியாராப் போயிடுறேன்" என்று லாரியில் அம்மாவிடம் சொன்னார்.

"சாமியாருக்குச் சப்பாத்து எதுக்கு? கழட்டி வை, கால் வீங்கும்" என்றாள் அம்மா.

"பொண்ணு பார்க்குற வரைக்கும் கழட்டமாட்டேன்."

எல்லாம் மொட்டை

குகைக் கோயிலின் அடிவாரத்தில் அன்று நல்ல கூட்டம். நாவிதர்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை போட்டவுடன் தொட்டியில் முக்கி எடுத்து, தலையில் சந்தனத்தை அப்பி, இடுப்பில் ஒரு மஞ்சள் துண்டைச் சுற்றி விட்டுவிடுவார்கள். இப்படி வெளியே வந்த பொடியன்கள் வெயிலில் ஓடும்போது, மண்ணில் யாரோ எலுமிச்சம்பழக் கூடையைக் கொட்டிவிட்டதுபோல் இருந்தது.

சந்தனம் காய்ந்தால் தலை இழுக்கும். அந்தக் குளிர்ச்சியும் இழுப்பும் இப்போது கூட என் தலைக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவன் மொட்டையில் தட்டிப் பார்த்து, எந்தத் தலையில் நல்ல சத்தம் வருகிறது என்று போட்டி வைத்தோம். என் தலை இரண்டாவதாக வந்தது.

அம்மா கொஞ்சம் தள்ளிக் கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கருப்பையாவைத் தேடிக்கொண்டு போயிருந்தார். பத்தர், அதாவது காது குத்தும் ஆசாரி, மரத்தடியில் பாய் விரித்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழாங்கட்டைத் தோட்டம்! மாமன்காரர் வாங்க! எனக்கு இன்னும் பன்னெண்டு காது இருக்கு!"

பன்னிரண்டு காது என்றதும் எனக்குப் புல்லரித்தது. பிள்ளைகளைத்தானே எண்ணக் கூடாது? காதுகளை எண்ணலாமே! எண்ணி இரண்டால் வகுத்தால் போதுமே! ஏழு வயதில் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு என்ன வேண்டும்? உடனே எங்கள் கூட்டத்துக் காதுகளை எண்ணினேன். சரியாக இருந்தன. ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

இதில் இருக்கும் வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் எங்கள் கூட்டத்தில் பிச்சை இல்லை. அவன் இடத்தில் வேறொரு மொட்டை நின்றுகொண்டிருந்தது. எண்ணிக்கை சரி, பிள்ளைதான் வேறு.

பத்தர் கூப்பிட்டதும் மாமா பரபரப்பாக வந்தார். பெண்வீட்டார் வந்துவிட்டார்களோ என்று பாதிக் கண்ணைச் சடக்குப் பக்கமே வைத்திருந்தார். எதிரே நின்ற சின்ன மொட்டை அவருடைய சங்கிலியைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. மாமா தூக்கினார். பாயில் உட்கார்ந்தார். மடியில் வைத்தார்.

பத்தர் சந்தனப் பொட்டு வைத்து, வலது காதில் கம்பியைச் சுருக்கென்று ஏற்றி வளைத்தார்.

"அம்மாஆஆஆ!" என்று அலறியது பிள்ளை.

பொங்கல் பானையிலிருந்து எங்கள் அம்மா நிமிர்ந்தாள். பெற்றவள் காது வேறு. "அது எம்புள்ளை சத்தம் இல்லையே!" என்று அகப்பையோடு ஓடிவந்தாள்.

எதிர்த் திசையிலிருந்து இன்னொரு பெண், தலைமுடி அவிழ, ஓடிவந்தாள்.

எந்த ஊரு மாமா?

"எம்புள்ளைக்கு யாருடா காது குத்தினது?" என்றாள் அந்தப் பெண். பிறகுதான் தெரிந்தது, அவள் பெயர் பாக்கியம்.

மாமா அசையவே இல்லை. "நான்தான்… மாமா" என்றார்.

"எந்த ஊரு மாமா?"

"பீடோர்."

"பீடோர்ல எனக்கு ஏது அண்ணன்?"

பத்தர் ஊசியைக் கையில் பிடித்தபடி, "இன்னொரு காதையும் முடிச்சிடலாமா, இல்ல பேசிட்டுக் குத்தலாமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"பிச்சை எங்கே?" என்று அம்மா கத்தினாள். எங்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், உதடு அசையவில்லை. அந்த நேரத்திலும் எண்ணவில்லை.

"இந்தா, இங்க இருக்கான், அக்கா" என்று ஒரு குரல் வந்தது. அரக்குப் புடவை கட்டிய ஒரு பெண் மலையடிப் பாறையிலிருந்து எழுந்து வந்தாள். அவள் இடுப்பில் பிச்சை. வாய் நிறைய லட்டு. "என் அக்கா புள்ளைன்னு நெனைச்சுல்ல இம்புட்டு நேரமா ஊட்டிக்கிட்டு இருந்தேன்! எங்க ராசு ஒரு லட்டை முழுசாத் திங்கமாட்டானே, இன்னிக்கு என்ன மூணு தின்னுட்டானேன்னு ஆச்சரியமாப் பார்த்தேன்."

அம்மா பிச்சையைப் பிடுங்கி நெஞ்சோடு அழுத்தினாள். லட்டு அவள் தோளில் வழிந்தது. அழுதாள், சிரித்தாள், பிறகு அகப்பையால் மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தச் சமயத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். கூடவே ஒரு மலை மாதிரி மனிதர். தோளில் ஒரு மூட்டை அரிசியும் கக்கத்தில் ஒரு மூட்டை அரிசியும் தூக்குவாராம்.

"வேலு, இவருதான் கருப்பையா" என்றார் அப்பா முகமெல்லாம் மலர. "இது அவரு பெரிய தங்கச்சி பாக்கியம். அதுதான் சின்னவ, அஞ்சலை. நாம பார்க்க வந்த பொண்ணு."

அரக்குப் புடவை தலையைக் குனிந்துகொண்டது.

மாமா தன் மடியில் விக்கிக்கொண்டிருந்த ராசுவைப் பார்த்தார். அவனுடைய ஒற்றைக் காதில் பளபளத்த கம்பியைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். கணக்கு அவருக்கு மெதுவாக விளங்கியது.

அவர் வாய்விட்டுச் சொல்லுமுன் பாக்கியமே சொல்லிவிட்டாள். "எம்புள்ளைக்கு மடி குடுத்தவரு எனக்கு அண்ணன். எனக்கு அண்ணன்னா என் தங்கச்சிக்கு?"

அண்ணன் தங்கச்சியைக் கட்டிக்கொள்ளும் ஊர் எங்கே இருக்கிறது?

"அஞ்சாவது எடம்" என்று மாமா முனகியது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

அரை மாமன்

கூடியிருந்தவர்கள் எல்லாரும் நீதிபதிகள் ஆகிவிட்டார்கள்.

"ஒரு காதுதானே குத்தியிருக்கு. அரை மாமன்தான்" என்றார் ஒருவர்.

"அரை அண்ணனைக் கட்டலாமா?"

"அரைக் கல்யாணம் பண்ணலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலையின் தோளும் குலுங்கியது. மாமா அதைப் பார்த்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் முகத்தில் வேறு ஒரு கலவரம் தெரிந்தது. அதுவரை தட்டிப்போகக் கூடாதே என்றுதான் பயந்தார். இப்போது இந்தப் பெண் தட்டிப்போகக் கூடாதே என்று பயந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. மீதிக் காதை நான் மடி குடுத்து முடிக்கிறேன்" என்று கருப்பையா ராசுவைத் தூக்கினார்.

தூக்கியதுதான் தெரியும். ராசு மாமாவின் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்களை உதறி, குகைக்குள் எதிரொலி கேட்கும்படி கத்தினான். சங்கிலி இழுபட்டு ஊதல் வெளியே வந்தது.

"மச்சான், கடிகாரம் எங்க?" என்றார் கருப்பையா.

"ரிப்பேர்ல இருக்கு" என்றார் மாமா.

ராசு ஊதலை வாயில் வைத்து ஊதினான். அழுகை நின்றுவிட்டது. மறுபடி கருப்பையா தூக்கினார்; மறுபடி அலறல். மூன்றாவது முறை கருப்பையாவின் கட்டை விரலைக் கடித்தே விட்டான். அந்த மலை மனிதர் விரலை உதறிக்கொண்டு, "டேய், நான்தாண்டா ஒன் சொந்த மாமன்!" என்று கெஞ்சினார்.

பாக்கியம் இழுத்துப் பார்த்தாள். அப்பா பலூன் வாங்கிக் காட்டினார். ராசு மாமாவின் மடியைவிட்டு அசைவதாக இல்லை.

"நல்ல நேரம் முடியப்போவுது" என்றார் பத்தர். "புள்ளை இவரு மடியிலதான் உக்காருவேன்னா, இவரு மடியிலயே குத்திடறேன்."

"குத்தாதீங்க!" என்று மாமா அலறினார். ராசு அலறியதைவிட அது சத்தமாக இருந்தது. "அதைக் குத்தினா நான் முழு அண்ணன் ஆயிடுவேன்!"

"ஒத்தக் காதோட எம்புள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள் பாக்கியம். அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது.

அம்மாவின் தீர்ப்பு

இவ்வளவு நேரமும் எங்கள் அம்மா பிச்சையின் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அகப்பையைப் பெரியக்காவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். முப்பத்தேழு விதிகளையும் நிமிர்த்தவும் வளைக்கவும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புள்ளை யாரு மடியில இருக்கோ அவருதானே மாமன்?"

"ஆமா."

"அந்த மாமன் எதுமேல உக்காரணும்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள்.

"பாய்ல உக்காரலாம். பலகையில உக்காரலாம். என் தம்பி மேலயும் உக்காரலாம். வேலு, காலை நல்லா மடிச்சு உக்காரு. கருப்பையா தம்பி, நீங்க அவன் மடியில உக்காருங்க. புள்ளை ஒங்க மடியில. சங்கிலியை இப்படி மேலால இழுத்துப் புள்ளை கையில குடுங்க."

"அக்கா!" என்றார் மாமா. அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை, ஏனென்றால் கருப்பையா உட்கார்ந்துவிட்டார்.

என் வாழ்நாளில் நான் பார்த்த காட்சிகளில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். அடியில் மாமா, தலையும் சப்பாத்து முனையும் மட்டும் தெரிந்தன. அவர்மேல் கருப்பையா, கூச்சத்தோடு, பாரத்தைக் குறைப்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு. அவர்மேல் ராசு, ஊதலை ஊதிக்கொண்டு. பக்கத்திலிருந்த நாவிதர்கள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு பாதி மொட்டை ஆளும் வந்து நின்றார்.

"மச்சான், வலிக்குதா?" என்று கருப்பையா கீழே பார்த்துக் கேட்டார்.

"இல்ல மச்சான்… வசதியா… இருக்கு" என்று எங்கிருந்தோ பதில் வந்தது.

"மொதல்ல வலது காதுக் கம்பியைக் கழட்டி மறுபடி மாட்டுங்க, பத்தரே" என்றாள் அம்மா. "அந்தக் காதும் சொந்த மாமன் மடியிலேயே மாட்டினதா இருக்கட்டும். அரைக் கணக்கு எதுவும் மிச்சம் வேணாம்."

பத்தர் அப்படியே செய்தார். பிறகு இடது காது. ராசு ஊதிக்கொண்டிருந்தபோதே சுருக்கென்று குத்திவிட்டார். ஊதலில் ஒரே ஒரு நீண்ட சத்தம் வந்தது, அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. பாக்கியம் பிள்ளையை வாரி எடுத்து இரண்டு காதையும் பார்த்தாள்; பிறகு மாமாவைப் பார்த்து, "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க… கொழுந்தனாரே" என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு எங்கள் பக்கம் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அடியில் இருந்தவர் தவிர.

கருப்பையா எழுந்தார். மாமா எழவில்லை. "இவன் இப்படியே இருக்கட்டும்" என்று அம்மா பிச்சையைக் கொண்டுவந்து அதே மடியில் வைத்தாள். பத்தர் பிச்சையின் இரண்டு காதையும் குத்தினார். பிச்சை லட்டு மயக்கத்தில் இருந்தான். ஒரு காதுக்குத்தான் அழுதான்.

கேட்கக் கூடாத கேள்வி

பெண்ணிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பல வீடுகளில் கிடையாது. அண்ணன் சரி என்றால் சரி. கருப்பையா நல்ல மனிதர். கடிபட்ட விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "அஞ்சலை, நீ என்னம்மா சொல்றே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

மாமா பாயில் கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

அஞ்சலை புடவைத் தலைப்பின் நுனியைத் திருகினாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ஒன்னையே தாங்கிட்டாருண்ணே. என்னைத் தாங்கமாட்டாரா?"

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் குகை கேட்டிருக்காது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அப்பா இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஏன் என்று புரியாமலே மண்ணில் உருண்டு சிரித்தோம். சந்தனத் தலையெல்லாம் புழுதி.

வெற்றிலை பாக்குத் தட்டை மாப்பிள்ளை கையிலேயே கொடுப்பது அவர்கள் வீட்டு முறையாம். மாப்பிள்ளை எழுந்து நின்று வாங்கவேண்டும்.

"எந்திரிடா" என்றாள் அம்மா.

"கால் வரலக்கா."

"எங்க போச்சு?"

"ரெண்டும் மரத்துப்போச்சு. எங்க இருக்குன்னே தெரியல."

அப்பா ஒரு கையையும் கருப்பையா ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். மாமா பாதி எழுந்து, கால் மடங்கி, மறுபடி பாயில் தொப்பென்று விழுந்தார். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை வேண்டாம் என்று அவரே கும்பிட்டார்.

கருப்பையா யோசித்தார். பிறகு குனிந்து, வெற்றிலையும் பாக்கும் பூவும் வைத்த தட்டை மெதுவாக மாமாவின் மடியில் வைத்தார். மரத்துப்போன மடி. தட்டு வந்து உட்கார்ந்ததே மாமாவுக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு கையையும் மேலே ஏந்திக்கொண்டு, எப்போது கொடுப்பார்கள், மனசு மாறிவிட்டதோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் அஞ்சலைதான் சொன்னாள். அத்தை மாமாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. இரண்டே சொற்கள்.

"மடியைப் பாருங்க."